குடும்ப வரலாற்றுப் புத்தகம், 215 பிரதி கைவசம் இருக்கிறது: அதிகச் செலவில்லாமல் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. காங்கேயத்துக்கும் வெள்ளக்கோயிலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வீட்டில் கிடந்த கிரயப் பத்திரங்கள், மொய் நோட்டுகள், ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதங்கள், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஏழு வருடம் உட்கார்ந்து எங்கள் குடும்ப வரலாற்றை எழுதி முடித்தேன். தாது வருசப் பஞ்சத்தில், அதாவது 1876-77இல், கரூர்ப் பக்கமிருந்து இரண்டு எருதும் ஒரு கைக்குழந்தையுமாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவரிலிருந்து ஆரம்பித்து, மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலம், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த காலம், அப்புறம் பசங்க ஒவ்வொருத்தராகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வண்டி ஏறிய காலம் வரைக்கும் வருகிறது. 212 பக்கம். கடைசியில் ஒரு பெரிய வம்சாவளிப் படம், நாலாக மடித்து ஒட்டியது.

ஆவணியில் 300 பிரதி அடித்தேன். ஒரு பிரதிக்கு 165 ரூபாய் ஆனது, விலை 220 போட்டேன். வெளியீட்டை எங்கள் குலதெய்வக் கோயில் மண்டபத்திலேயே வைத்தோம், அன்றைக்கு மரியாதைக்காகக் கொடுத்தது 52 பிரதி, அதற்கப்புறம் இந்த மார்கழி வரைக்கும் விற்றது 33. மீதி 215 பிரதியும் நெல் மூட்டை வைக்கிற அறையில் கட்டுக் கட்டாக இருக்கிறது, பூச்சி விழாமல் இருக்க வேப்பந்தழை போட்டு வைத்திருக்கிறேன்.

முகநூலில் மூன்று தடவை போட்டேன். நூற்றுப் பத்துப் பேர் லைக் போட்டார்கள், பணம் அனுப்பி வாங்கினவர்கள் நாலு பேர். விளம்பரம் செய்து தருகிறோம் என்று ஒரு இடத்தில் 18,000 ரூபாய் கேட்டார்கள், என்னிடம் அதிகம் போனால் 4,000 இருக்கும். போட்ட பணம் திரும்பி வர வேண்டும் என்பதெல்லாம் எனக்கு இரண்டாவதுதான். இதில் பாதி விசயம் எங்கள் ஆத்தா சொன்னது, அவர் இப்போது இல்லை. புத்தகம் அந்த அறையிலேயே கிடந்தால் ஆத்தா சொன்னதும் அங்கேயே கிடக்கும், அதுதான் தூக்கம் வராமல் செய்கிறது. செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.


வாய்க்கால்மேடு எழுதியது:

அண்ணா, முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் புத்தகத்தில் பேர் வருகிறவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

நான் பெருந்துறைப் பக்கம், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் அப்புச்சி வீட்டுக் கதையை 2019இல் 250 பிரதி போட்டேன். முதல் எட்டு மாதம் உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. ஒரு நாள் மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டி, இருக்கிறவர்கள் பேரையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். 340 பேர் வந்தது. அதில் முகநூல் பார்க்கிறவர்கள் முப்பது பேர்கூட இல்லை, பாதிப் பேர் அறுபது வயதுக்கு மேல். யார் வாங்குவார்கள் என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன், வாங்க வேண்டியவர்கள் பேரை நானே அச்சடித்து வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த 340 பேருக்கும் எப்படித் தகவல் சொல்வது என்றால், அதற்கும் வழி உங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. மொய் நோட்டு. நம் பக்கத்து மொய் நோட்டில் தொகை மட்டுமா எழுதுகிறோம், ஊர் பேர், ஆள் பேர், இன்னார் மகன், சில நோட்டில் இன்ன தோட்டம் என்பது வரைக்கும் இருக்கும். செய்த மொய்யைத் திருப்பிச் செய்கிற பழக்கம் விட்டுப்போகாததால் அந்த வீட்டில் இப்போது பெரியவர் யார் என்று கண்டுபிடிப்பதும் சுலபம். நான் எங்கள் அம்மா கல்யாணத்து நோட்டையும் என் கல்யாணத்து நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வருகிற ஊர்களைத் தனியாக எடுத்தேன், 41 ஊர் வந்தது. சென்னிமலைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊத்துக்குளிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று பிரித்துக்கொண்டு வண்டியில் போனேன். பெட்ரோல்தான் செலவு.

போகும்போது ஒன்று செய்யுங்கள். அந்த வீட்டுப் பேர் எந்தப் பக்கத்தில் வருகிறதோ அங்கே ஒரு துண்டுக் காகிதம் செருகிக் கொண்டுபோங்கள். உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தப் பக்கத்தை விரித்து அவர் மடியில் வையுங்கள். கண்ணாடி எடுத்துவரச் சொல்வார்கள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார்கள். அதற்கப்புறம் விலையை அவர்களே கேட்பார்கள், நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் இரண்டு பிரதி எடுத்தார்கள், ஒன்று தனக்கு, ஒன்று கோயமுத்தூரிலோ பெங்களூரிலோ இருக்கிற பிள்ளைக்கு.

அப்புறம் மாசி சிவராத்திரி. குலதெய்வக் கோயிலுக்கு ராத்திரி வருகிற கூட்டத்தில் முக்கால்வாசி உங்கள் பங்காளிகள்தான். பூசாரியிடமும் கோயில் பெரியவர்களிடமும் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, ஒரு மேஜை போட்டு அந்த வம்சாவளிப் படத்தை மட்டும் பெரிதாக ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டுங்கள். ராத்திரி முழுக்க விழித்திருக்கிற ஜனம், அதைப் பார்க்காமல் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள்.

குடும்பத்தைத் தாண்டியும் விற்க முடியும், ஆனால் அதற்குக் குடும்பப் பேரைச் சொன்னால் ஆகாது, ஊரைச் சொல்ல வேண்டும். பவானிசாகர் அணை வேலை 1948இல் ஆரம்பித்து 1955இல் முடிந்தது, அதிலிருந்து வருகிற கீழ்பவானி வாய்க்கால் பாய்வது 2,07,000 ஏக்கர். மானாவாரிச் சோளமும் கம்பும் விளைந்த காட்டில் முதல் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் ஊருக்கு ஓரிருவர் இருக்கிறார்கள். உங்கள் புத்தகத்தில் அந்த அத்தியாயம் எத்தனை பக்கம்? அதில் நல்ல நாலு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, கீழே உங்கள் போன் நம்பரைப் போட்டு, வாய்க்கால் ஓரத்து ஊர்களில் பால் சொசைட்டியிலும் டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் வைத்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிற இடத்தில் கிடக்கிற காகிதத்தை ஜனங்கள் படிப்பார்கள். உங்கள் பெரியவர் காங்கேயம் மாடு வளர்த்தவர் என்றால் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை உங்களுக்குக் கூப்பிடு தூரம்தானே, மாட்டைப் பற்றிய பக்கங்களை அங்கே கொண்டுபோங்கள்.


தறிச்சத்தம் எழுதியது:

அண்ணா, அந்த மடித்து ஒட்டிய வம்சாவளிப் படத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கோடு இருக்கிறதா?

எதற்குக் கேட்கிறேன் என்றால், நான் பவானி, ஜமக்காளத் தறிக் குடும்பம். எங்கள் ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கப்புறம்தான் நம் கதையையும் எழுதி வைக்க வேண்டும் என்று பெரியப்பாவுக்குத் தோன்றி, ஆறேழு தலைமுறையை எழுதிப் புத்தகமாகப் போட்டார். ரொம்ப நல்ல உழைப்பு. குழித்தறி எப்படிப் போடுவது என்பதிலிருந்து எந்த வருடம் எந்தச் சாயம் வந்தது என்பது வரைக்கும் இருந்தது. ஆனால் படத்தில் பெண்கள் பேருக்குப் பக்கத்தில் "அந்தியூரில் கொடுத்தது", "குமாரபாளையத்தில் கொடுத்தது" என்று போட்டு அதோடு நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை பேர் இல்லை, பிள்ளைகள் பேர் இல்லை.

என் அத்தைக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தை விரித்து, தன் பேரைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே விரலை இறக்கினார், அங்கே வெறும் காகிதம். மறுபடி மேலே போய்ப் பேரிலிருந்து இறக்கினார். "பதினெட்டு வருசம் இந்த வீட்டுத் தறிக்கு நூல் தார் சுற்றியிருக்கிறேன், எனக்கு ஒரு கோடு கிடையாதா கண்ணு" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். பணம் கொடுக்காமல் இல்லை, கொடுத்தார். புத்தகத்தைத்தான் வைத்துக்கொள்ளவில்லை.

இது விற்பனைக் கேள்வியும்தான், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஆணும் பெண்ணும் சரிபாதி பிறப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். மகன்கள் வழியாக மட்டும் கோடு இழுத்துக்கொண்டே போனால் பேரன் பேத்தி வரும்போது பாதிப் பேர்தான் படத்தில் இருப்பார்கள், அடுத்த தலைமுறையில் கால்வாசி, அதற்கடுத்ததில் எட்டில் ஒரு பங்கு. 1876இல் வந்தவர் என்றால் உங்களுக்கு ஐந்து தலைமுறையாவது ஆகியிருக்கும். அவர் வம்சத்தில் இன்றைக்கு இருக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உங்கள் புத்தகத்தில் இல்லாதவர்கள். வாய்க்கால்மேடு அய்யா சொன்ன மாதிரி பேர் இருக்கிற பக்கத்தை விரித்து மடியில் வைக்க வேண்டும் என்றால், அந்த வீடுகளில் எதை விரிப்பீர்கள்?

நாங்கள் செய்தது இதுதான். பெரியப்பாவிடம் நான் நாலு மாதம் பேசி, பெண்கள் போன வீடுகளுக்கெல்லாம் போய்ப் பேர் வாங்கி ஒரு இணைப்பு போட்டோம். பேர் கேட்கப் போன வீட்டில் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு தானாக வந்தது, இணைப்பு வருவதற்கு முன்னாலேயே தொண்ணூறு பிரதிக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். நாங்கள் விளம்பரம் என்று தனியாக எதுவும் செய்யவே இல்லை. அத்தை வீட்டுக்கு முதல் பிரதியைப் பெரியப்பாவே எடுத்துக்கொண்டு போனார்.


நொய்யல்கரை எழுதியது:

அம்மிணி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த அறைக்குப் போய் ஒரு பிரதியை எடுத்துப் படத்தைத் தரையில் விரித்துப் பார்த்தேன். 38 பெண் பிள்ளைகள் பேர் இருக்கிறது. ஒருவருக்கும் அடுத்த கோடு இல்லை. என் கூடப் பிறந்த அக்காவுக்கும் இல்லை. வெளியீட்டு அன்றைக்கு அக்கா முதல் ஆளாக வந்து, எனக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, கடைசிப் பந்தி வரைக்கும் இருந்து பரிமாறிவிட்டுத்தான் போனார். படத்தைப் பார்த்திருப்பார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் வேண்டுமென்று விட்டதில்லை. பத்திரங்களையும் நிலக் கணக்கையும் வைத்து எழுதினேன், அதிலெல்லாம் பெண்கள் பேர் வராது, வராததை நானும் கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கதை சொன்னது முழுக்க ஆத்தாவும் அக்காவும்தான்.

சரி, இப்போது 215 பிரதியை என்ன செய்வது? மறுபடி அடிக்க வசதி இல்லை. இணைப்புக்கு எவ்வளவு ஆகும், ஏற்கெனவே கட்டுமானம் ஆன புத்தகத்தோடு எப்படிச் சேர்ப்பது?


பாரம்பதினாறு எழுதியது:

கோபியில் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறேன் அண்ணா. கட்டுமானத்தைப் பிரிக்க வேண்டியதே இல்லை. 16 பக்கம் ஒரு பாரம், நடுவில் பின் அடித்து, புத்தகத்தைவிட ஒரு நூல் அளவு சின்னதாக வெட்டினால் பின் அட்டைக்குள் அழகாக உட்காரும். கறுப்பு வெள்ளையில் 300 போட்டால் எங்கள் பக்கம் 3,500க்குள் முடியும், உங்களிடம் இருக்கிற 4,000ஐ வேறு எதிலும் போடாமல் இதில் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். 300 ஏன் என்றால் ஏற்கெனவே வாங்கின 85 வீட்டுக்கும் நீங்கள் இதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், காசு வாங்காமல். கொடுக்கப் போகிற இடத்தில் இன்னொரு பிரதி விற்கும், அது வேறு விசயம். கடைசி இரண்டு பக்கத்தைக் கோடு மட்டும் போட்டு வெறுமையாக விடுங்கள், அந்தந்த வீட்டில் பேரன் பேத்தி பிறக்கும்போது அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

மற்ற சில விசயம். ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண், வாங்கினீர்களா என்று தெரியவில்லை. வாங்கவில்லை என்றால் அடுத்த பதிப்புக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணமே கிடையாது, இதற்கென்று ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். 1954ஆம் வருடத்துச் சட்டப்படி ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் வெளியான 30 நாளுக்குள் போக வேண்டும். உங்களுக்கு அந்த நாள் தாண்டிவிட்டது, ஆனாலும் அனுப்பிவிடுங்கள். நூறு வருடம் கழித்து யாராவது தேடினால் கிடைக்கிற இடம் அது. ஈரோடு, திருப்பூர் மாவட்ட மைய நூலகங்களுக்கும் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கும் ஒவ்வொன்று, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒன்று. இத்தனைக்கும் எட்டுப் பிரதிதான் ஆகும்.

தபால் செலவுக்குப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அஞ்சல் துறை 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று நடத்துகிறது, 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. பாடப் புத்தகத்தோடு சமூக, பண்பாட்டுப் புத்தகங்களுக்கும் உண்டு. அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பேர் புத்தகத்தில் இருக்க வேண்டும், உள்ளே வியாபார விளம்பரம் இருக்கக் கூடாது, அதனால் இணைப்பில் நன்கொடை கொடுத்த மில்லுக்கோ கடைக்கோ முழுப் பக்க விளம்பரம் போட்டுவிடாதீர்கள். தரைவழிதான் போகும், நாலு நாள் கூட ஆகலாம், குடும்ப வரலாற்றுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. உறை போட்டு ஒட்டியபின் எடை பாருங்கள், 212 பக்கம் அந்த 300 கிராமுக்குப் பக்கத்தில்தான் வரும்.

கடையில் வைப்பதைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மூன்றில் ஒரு பங்கு கழிவு கேட்பார்கள், உங்களுக்கு 165 ஆன புத்தகத்தை 220க்கு விற்று அந்தக் கழிவு கொடுத்தால் கையைக் கடிக்கும். ஈரோட்டில் ஆகஸ்டில் நடக்கிற புத்தகத் திருவிழாவில் ஒரே ஒரு புத்தகத்துக்காக அரங்கு எடுப்பதும் கட்டுப்படியாகாது. தெரிந்த பதிப்பாளர் யாராவது அரங்கு போட்டால் ஐந்து பிரதி கொடுத்து வையுங்கள், போதும்.


மருதமலைஅடிவாரம் எழுதியது:

மாமா, நான் கோயமுத்தூரில் ஐ.டி. வேலை, எங்கள் பெரியம்மா எழுதின புத்தகத்துக்கு வாட்ஸ்அப் வேலையெல்லாம் நான்தான் பார்த்தேன், அதை மட்டும் சொல்கிறேன்.

புத்தக அட்டையைக் குரூப்பில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பழைய போட்டோ ஒன்றைப் போட்டு, இதில் இடது பக்கம் நிற்கிறவர் யார் என்று கேளுங்கள். நாங்கள் 1960களில் ஒரு காதுகுத்தில் எடுத்த படத்தைப் போட்டோம், அன்றைக்கு ராத்திரிக்குள் 70 செய்தி வந்தது, அதில் எங்களுக்கே தெரியாத மூன்று பேரை அடையாளம் சொன்னார்கள். வாரம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவ்வளவுதான் போட வேண்டும். ஒவ்வொன்றின் கீழேயும் இது புத்தகத்தில் இத்தனாம் பக்கம் என்று ஒரே ஒரு வரி.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுவதானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு லிஸ்டில் 256 பேர் வரைக்கும்தான் சேர்க்க முடியும், உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அதனால் வீட்டுக்குப் போகும்போதே அங்கிருக்கிற சின்னப் பசங்களிடம் சொல்லி நம்பரைப் பதிய வைத்துவிடுங்கள். ஜிபே ஸ்டிக்கர் ஒன்றையும் அந்த ஜெராக்ஸ் காகிதத்திலேயே அச்சடித்துவிட்டால் வெளியூர் ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், உடனே பணம் அனுப்பிவிடுவார்கள்.

கிண்டிலில் தமிழ்ப் புத்தகத்தை நாமே ஏற்றலாம், செலவு கிடையாது. ஆர்கைவ் (archive.org) தளத்தில் பி.டி.எஃப். ஆகவும் போட்டு வைக்கலாம், என்னைக் கேட்டால் முழுப் புத்தகத்தையும் இப்போதே போட்டுவிடுங்கள் என்பேன், தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும். இணையத்தில் எதைப் போட்டாலும் உயிரோடு இருக்கிறவர்கள் பிறந்த தேதி, சர்வே நம்பர், போன் நம்பர் இதெல்லாம் எடுத்துவிட்டுப் போடுங்கள். காகிதத்தில் நூறு வீட்டில் இருப்பது வேறு, உலகத்துக்கே தெரிவது வேறு. எங்கள் வீட்டில் இதைக் கவனிக்காமல் போட்டு, ஒரு சித்தப்பா வருத்தப்பட்டு, அப்புறம் எடுத்தோம்.


வாய்க்கால்மேடு எழுதியது:

தம்பி சொன்னதில் போட்டோ விசயம் முழுக்கச் சரி. பி.டி.எஃப். போடுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை, பிரதி கையில் இருக்கிறவரைக்கும் வேண்டாம். காசுக்காகச் சொல்லவில்லை. போனில் வந்ததை நம் ஜனங்கள் சேமித்து வைத்து அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள், மடியில் விரித்த புத்தகத்தை அப்படி விட முடியாது. எல்லாப் பிரதியும் போனபின் போடுங்கள்.

சும்மா கொடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அண்ணா 52 பிரதி மரியாதைக்குக் கொடுத்தார், நானும் கொடுத்தேன், கொடுத்த வீடுகளில் பாதியில் புத்தகம் கண்ணிலேயே படவில்லை. 220 கொடுக்க முடியாதவர் என்றால் 50 வாங்குங்கள், பத்து ரூபாயாவது வாங்குங்கள், வயதானவர் என்றால் ஒரு படி ராகி கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு பாட்டி அப்படித்தான் கொடுத்தார். கொடுத்து வாங்கினதை எடுத்து வைப்பார்கள்.

மொத்தமாகக் கொடுக்க வழி உண்டு. உங்கள் பங்காளி வீட்டில் கல்யாணமோ எழுதிங்கள் சீரோ வருகிறதா பாருங்கள். தாம்பூலப் பையில் எவர்சில்வர் டப்பா போடுகிறவர்கள், நெருங்கின ஒரம்பரை நாற்பது வீட்டுக்கு மட்டும் புத்தகத்தை வைத்துக் கொடுக்கலாம், அச்சான விலைக்கே அந்த வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார். டப்பாவுக்கு ஆகிற செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ஆயிற்று, பேச்சு நிற்கும். எங்கள் மச்சான் மகள் கல்யாணத்தில் 45 பிரதி அப்படிப் போனது. யார் யாருக்கு என்று பேர் எழுதி வைத்துவிட வேண்டும், பொதுவாக வைத்தால் மண்டபத்து நாற்காலியிலேயே கிடக்கும்.


நொய்யல்கரை எழுதியது:

பங்குனி பிறந்துவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அக்கா வீட்டுக்குத்தான் போனேன். மூலனூர்ப் பக்கம். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, உன் வீட்டுப் பேரெல்லாம் சொல் அக்கா, எழுதிக்கொள்கிறேன் என்றேன். அக்கா கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்தார், கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, தன் பிள்ளைகள் பேரைச் சொல்லாமல் எங்கள் பெரிய அத்தையிலிருந்து ஆரம்பித்தார். தாராபுரத்தில் கொடுத்த அத்தை, பல்லடத்தில் கொடுத்த அத்தை, பிளேக் வந்த வருடம் கோயமுத்தூரில் இறந்துபோன ஒரு சின்னம்மா, எனக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. மத்தியானம் ஆரம்பித்தது விளக்கு வைக்கிற வரைக்கும் போனது, 38இல் 29 வீட்டுப் பேர் அக்கா வாயிலிருந்தே வந்துவிட்டது. தன் பேர், தன் பிள்ளைகள் பேரைக் கடைசியில்தான் சொன்னார். வம்சாவளிப் படத்தைப் பற்றி அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை, கிளம்பும்போது பன்னிரண்டு பிரதி வேண்டும் என்றார், யார் யாருக்கு என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். நான் காசு வேண்டாம் என்றதற்கு வாய்க்கால்மேடு அய்யா சொன்னதையே அக்காவும் சொல்லிக் கையில் வைத்து அழுத்திவிட்டார்.

மற்ற ஒன்பது வீட்டில் ஆறுக்கு நேரில் போய்விட்டேன். மூன்று வீடு இன்னும் கிடைக்கவில்லை, ஒன்று வால்பாறை எஸ்டேட் பக்கம் போனதாகச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டதில் அந்தச் சின்னம்மாவின் தங்கை பேத்தி சேலத்திலிருந்து கூப்பிட்டார். சிவராத்திரிக்குக் கோயிலில் ஃபிளெக்ஸ் கட்டினோம், பழைய படத்தைக் கட்ட மனசு வரவில்லை, அக்கா சொன்னதையும் சேர்த்துக் கையால் வரைந்ததைப் பெரிதாக எடுத்துக் கட்டினேன், ஜனங்கள் பேனா வாங்கி அதிலேயே திருத்தி எழுதிவிட்டுப் போனார்கள். எல்லாம் சேர்த்து இதுவரை 61 பிரதி போயிருக்கிறது, இன்னும் 154 இருக்கிறது, 70 பேர் இணைப்பு வந்தபின் வாங்கிக்கொள்கிறேன் என்று பேர் கொடுத்திருக்கிறார்கள். வைகாசியில் ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணம் இருக்கிறது, பேசிக்கொண்டிருக்கிறேன்.

பாரம்பதினாறு தம்பிக்கு ஒரு கேள்வி. இணைப்பு 16 பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது, 24 ஆகும், சித்திரைச் சந்தைக்கு முன்னால் முடிக்க முடியுமா? அக்கா ஒரு போட்டோவும் கொடுத்திருக்கிறார், எங்கள் ஆத்தாவும் நாலு அத்தைகளும் கவலைக் கிணற்று ஓரத்தில் நிற்கிற படம், அவர்கள் ஐந்து பேரும் ஒன்றாக இருக்கிற ஒரே படம் அதுதான். வலது ஓரம் செல்லரித்து ஒரு அத்தையின் தோள் வரைக்கும் போய்விட்டது. முகம் நன்றாக இருக்கிறது. அப்படியே போட்டால் அச்சில் வருமா, அல்லது கோயமுத்தூரில் கொடுத்துச் சரிசெய்து கொண்டுவரட்டுமா?